முதலில் வரிசை, பிறகு தூரம்

என் மகாராணிக்கு,

நீயும் நம் குட்டிப் பெண்ணும் சுகம்தானே? அத்தைக்கு என் வணக்கம் சொல். எனக்கு ஒரு குறையும் இல்லை, தலைமுடி மட்டும் கொஞ்சம் கொட்டியிருக்கிறது. காரணத்தைக் கேட்டுச் சிரிக்காதே.

ஸ்பீக்கருக்குள் இருக்கும் வட்டச் சவ்வு எப்படி அதிரும் என்று கணக்குப் போடுகிறேன். அதற்குப் பெஸ்ஸல் சார்பு என்று ஒரு கணிதச் சூத்திரம் வேண்டும். கையால் போட்டால் ஆயுசு போதாது. யாரோ எழுதி வைத்த லைப்ரரி இருக்கிறது. லைப்ரரி என்றால் புத்தகம் இல்லை, நிரல். அதற்கு முதலில் வரிசை எண்ணும், பிறகு சவ்வின் நடுவிலிருந்து தூரமும் கொடுக்க வேண்டும். நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். அந்தச் சனியன் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை! மூன்று நாள் கேட்டதற்கெல்லாம் பதவிசாகப் பதில் சொன்னது. அத்தனையும் குப்பை.

மேலதிகாரி எட்டிப் பார்த்து, "இடம் மாத்திக் குடுத்திருக்கியேப்பா, அது என்ன பண்ணும்?" என்று சிரித்துவிட்டுப் போனார். எரிச்சலில் டீகூட இறங்கவில்லை.

என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. பார்சல் மேல் முகவரியைக் கூரியர் கடைக்காரர் எழுத வேண்டாம், நீயே எழுது; உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில் முதலில் கேஸ் சிலிண்டர் வந்ததா என்றேன். பிறகு குட்டியின் சளியைக் கேட்டேன். கடைசியில்தான் உன்னைக் கேட்டேன். "எல்லாம் நல்லாத்தாங்க இருக்கு" என்றாய்.

இடைவேளை முடிந்தது, கூப்பிடுகிறார்கள். இனி நான் வரிசை மாற்றிக் கேட்டால், நீயாவது திட்டிவிடு.