செவ்வாயைக் காட்டிய குப்பம்

திண்டிவனம்
20.2.2005

அன்புள்ள நண்பனுக்கு,

விழுப்புரம் அறிவியல் கூட்டத்துக்கு நான் வரவில்லை. பேசுவதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

நேற்று மரக்காணத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் சுனாமி பற்றிப் பேசினேன். ஒன்றரை வருடத்துக்கு முன் தொலைநோக்கி வைத்து நாம் செவ்வாய் கிரகம் காட்டினோமே, அதே குப்பம். அன்று பிள்ளைகள் முண்டியடித்தார்கள். நேற்று முன்வரிசையில் பெரியவர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

கடல் திடீரென்று உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்றேன். வடிவு என்ற பெண் எழுந்தாள்.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"படிச்சிருக்கேம்மா."

"கடலு உள்ள போனதும் மீனு பொறுக்கப் போறேன்னுச்சு எம்பொண்ணு. நாந்தான் கூடை குடுத்து அனுப்புனேன். செவ்வாய காட்டுன அன்னிக்கே இதயும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சார்."

கோபமாகச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் அவளே எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்று கடலைப் பற்றியும் பேசலாம் என்று நீ சொன்னாய். கடலோடு பிறந்தவர்களுக்கு நாம் என்ன சொல்வது என்று நான்தான் தடுத்தேன். இரண்டு மாதமாக நீ அதைச் சொல்லிக் காட்டவில்லை. இனியும் சொல்லாதே.

இப்படிக்கு,
உன்னோடு பத்து வருடம் மேடை ஏறியவன்