தாய்மாமன் மடி

தம்பிக்கு,

கடிதத்தை அங்க பிரிச்சுப் படிப்பாங்களாம். அமெரிக்கா, ஈரான்னு ஒரு வார்த்தை எழுதக்கூடாதுன்னு கப்பல் கம்பெனிக்காரர் சொல்லிட்டார். ரெண்டு நாடும் முறைச்சுக்கிட்டா, எண்ணெய்க் கப்பல்ல சமைக்கப் போன உன்னை எதுக்கு ஈரான் துறைமுகத்துல பிடிச்சு வைக்கணும்? சரி, எழுதலை.

ராஜபாளையத்துல மழை இல்லை. அம்மா நல்லா இருக்கா. டிவியில செய்தி மட்டும் போட விடமாட்டேங்கா.

ஆனிக்குள்ள உங்களை விட்டுருவாங்கன்னு கம்பெனிக்காரர் சொன்னதை நம்பி, உன் மருமவளுக்கு அய்யனார் கோவில்ல காது குத்த நாள் குறிச்சிருந்தோம். போன ஞாயித்துக்கிழமை. நீ கப்பலுக்குப் போறதுக்கு முன்னாடி வாங்கி வச்ச கம்மலையும் எடுத்துட்டுப் போனேன். ஆசாரி ஊசியோட உட்கார்ந்துட்டார். தாய்மாமன் மடிதான் இல்லை.

"ஏட்டி, பெரியப்பா மகனும் மாமன் முறைதானே, அவன் மடியில வச்சுக் குத்திருவோம். இன்னும் எம்புட்டு நாளு பாத்துக்கிட்டே இருப்ப?"ன்னு ஸ்ரீவில்லிபுத்தூர் அத்தை கேட்டாவ. அத்தை மனசுல என்ன வச்சுக் கேட்டாவன்னு சுத்தி நின்ன அம்புட்டுப் பேருக்கும் தெரியும். அதையும் நான் எழுதலை.

எனக்கு வந்த கோவத்துல பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு விறுவிறுன்னு கோவிலை விட்டு இறங்கிட்டேன். ஆக்கின கறிச்சோறு அப்படியே கிடந்துச்சாம்.

ஆசாரி பின்னாடியே ஓடி வந்தார். "நாளாக நாளாகக் காது தடிச்சுப்போகும்மா, பொறவு பிள்ளைக்கு ரொம்ப வலிக்கும்"னார்.

வலிக்கட்டும். கையைக் காலை உதறி அழத்தான் செய்வா. இறுக்கிப் பிடிச்சுக்கிட நீ இருப்ப.

உன் அக்கா