அப்பாவைப் பின்னுக்கு இழுக்க

அன்பு மகள் ஙாயிரேவுக்கு அம்மா எழுதுவது. எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, பெர்த் வெயிலில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். மெரேனா அத்தையின் மேட்டு நிலத்தில் இந்த முறை கிழங்கு நன்றாக விளைந்திருக்கிறது, உனக்குப் பிடித்த அறையைக் காலி செய்து எங்களுக்காக வைத்திருக்கிறாள், ஆனால் அப்பா அங்கே ஒரு நாள்கூடத் தங்கவில்லை.

கடல் நெருங்கிவிட்டது, மகளே. நீ போனபோது இருந்த வேலி இப்போது இல்லை. ஞாயிற்றுக்கிழமை நகராட்சியிலிருந்து ஃப்ரேசர் என்ற அதிகாரி வந்தார், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு நம் கூட்ட மண்டபத்தில் உட்கார்ந்து, கரையோர வீடுகள் குளிர்காலத்துக்கு முன் ‘ரிட்ரீட்’ ஆக வேண்டும், அதாவது பின்வாங்கி உள்ளே போய்விட வேண்டும் என்றார். வியட்நாம் போருக்குப் போய் வந்த தாமதி மாமா உடனே எழுந்துவிட்டார். “தம்பி, அது பட்டாளத்துச் சொல்லு. எதிரிகிட்ட தோத்தவன் செய்யறது. எங்க கையில இருக்கிறது சிப்பி அள்ளுற வாளிதான், நாங்க எப்ப யார்கிட்ட தோத்தோம்?” என்று கேட்டார். “மாமா நம்பர் கூப்பிடுற ஹவுசி ஆட்டத்துலயே பாதியில எழுந்ததில்ல, கடலுக்கா எழுந்திருக்கப் போறாரு,” என்று அத்தை சொல்ல மண்டபமே சிரித்தது, அதிகாரியும் முகம் சிவந்து சிரித்தார். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்தேன், பயந்தால் நான் அதைத்தானே செய்வேன். மாமா சொன்னதும் சரிதான், பொழுது சாயும்போது வீரர்களைத் திரும்ப அழைக்க அடிக்கும் முரசுக்கும் அதே பெயர், பிரார்த்தனைக்காக ஊரை விட்டு ஒதுங்கி இருப்பதற்கும் அதே பெயர். ஆனால் ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் வினை, முதலில் அதற்குப் பொருள் பின்னால் இழுப்பது, அவ்வளவுதான். தோல்வியெல்லாம் பிறகு வந்து ஒட்டியது.

நீ பிறந்ததும், இந்த மண் உன்னுடையதாக வேண்டும் என்று நம் முன்னோர் வழக்கப்படி உன் நஞ்சுக்கொடியை அப்பா புதைத்த பொஹுட்டுகாவா மரத்தின் பாதி வேர் இப்போது அந்தரத்தில் தொங்குகிறது. போன புயலில் தண்ணீர் வீட்டுத் தரைக்கு அடியில் வந்துவிட்டது. நான் மூட்டைகளைக் காரில் ஏற்றி எஞ்சினை ஓட விட்டுக் காத்திருக்கிறேன், அவர் இடுப்பளவு அலையில் நின்று மரத்தடியில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறார். கத்திக் கூப்பிட்டேன், திரும்பவே இல்லை. மாமாவும் நானும் இறங்கிச் சட்டையைப் பிடித்துக் கரைக்குக் கொண்டு வந்தோம். காரில் பல் கிடுகிடுக்க, “அவ இங்கதான் திரும்பி வரணும். மரம் போயிட்டா எங்க வருவா?” என்றார். தண்ணீர் வடிந்ததும் அவருடைய ரப்பர் பூட்ஸை ஒளித்து வைத்தேன், வெறுங்காலோடு போகிறார். அடுத்த பௌர்ணமிக்குப் பெரிய அலை வரும் என்கிறார்கள். பாத்திரம் கழுவும்போதுகூட என் கண் ஜன்னலில்தான் இருக்கிறது. காற்று கொஞ்சம் கதவைத் தட்டினாலும் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். உனக்கு ஒரு நாள் எப்படிப்பட்ட போன் வருமோ என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

அந்த மண் உன்னுடையது, ஙாயிரே. அதை விட்டுவிடச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொன்னாலும் அவர் கேட்கமாட்டார். நீ சொன்னால் கேட்பார். மரத்தடியிலிருந்து ஒரு கூடை மண் எடுத்துப்போய் அத்தையின் மேட்டில் ஒரு மரக்கன்றுக்கு அடியில் போடச் சொல், இனி அங்கேதான் வருவேன் என்று சொல். உன் மனம் அதற்கு ஒப்பாவிட்டால் பொய் சொல்லாதே, எனக்கு மட்டும் எழுது, வேறு வழி பார்க்கிறேன். ஆனால் ஒன்று, கடல் ஒரு பக்கம் இழுக்கிறது, நான் ஒரு பக்கம் இழுக்கிறேன், என் கை மட்டும் போதவில்லை.

வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. உன் முன்னோர் உன் பக்கத்தில் இருக்கட்டும், நீ நிற்கும் நிலம் உறுதியாக இருக்கட்டும். இது கைக்கு வந்ததும் கூப்பிடு, நான் எடுத்தால் என்னோடு பேச நிற்காதே, அப்பாவைக் கேள். அவர் வெளியே மரத்தடியில் இருப்பார், ஓடிப்போய் அழைத்து வருகிறேன்.

உன் அம்மா
ஹுயா