சிரித்த படம்

இஞ்சாருங்கோ,

நீங்கள் கவலைப்படக் கூடாதென்றுதான் புளியந்தோப்பில் சிரித்தபடி படம் எடுத்து அனுப்பினேன். அதையே காட்டி, "குடும்பம் இந்தியாவில் பத்திரமாகத்தானே இருக்கிறது, அங்கேயே போ" என்று நீங்கள் அடைக்கலம் கேட்ட நாட்டு அதிகாரிகள் சொல்லுவார்கள் என்று யார் கண்டது? எங்கே வருவீர்கள்? கள்ளமாக வெளிநாடு போனவர் என்று, இங்கே அகதி முகாமில் உங்கள் பெயரை எப்போதோ எடுத்துவிட்டார்கள்.

சிரிக்காத படம் வேண்டும் என்று உங்கள் வக்கீல் கேட்டாராம். இன்று மலைமேல் புதூர்நாட்டுக்குப் புளி உடைக்கப் போனபோது, தோப்புக்கார கெங்கம்மாளிடம் போனைக் கொடுத்தேன்.

"இன்னாம்மா, மூஞ்ச இப்டி வச்சிக்கினு கீற? சிரி."

காரணத்தைச் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது.

"இங்க உன்ன யாரு இன்னா பண்ணாங்க?"

யாரும் ஒன்றும் செய்யவில்லை. எத்தனை தரம் எடுத்தும் நடிப்பாகவே இருந்தது.

அந்நேரம் மலையிறங்கும் கடைசி ஜீப்பின் ஹாரன் கேட்டது. இன்று கீழே முகாமில் பெயர் கூப்பிடும் நாள். தவறினால் என் பெயரும் போய்விடும். ஓடினேன். போனை மறந்தது நினைவு வந்து திரும்பினேன். பெயர் போய்விடுமோ என்று பதறிய அந்த முகத்தைக் கெங்கம்மாள் எடுத்துவிட்டாள்.

அதைத்தான் அனுப்புகிறேன். அவர்களிடம் காட்டுங்கோ. நீங்கள் பார்க்க வேண்டாம்.

உங்கட மனுசி