வெள்ளிக்கிழமைக் கெடு

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்க ஆசைதான். ஆனால் காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு வரி எழுதுவதும் எழுந்து நடப்பதுமாக இருக்கிறேன். நீ மின்னஞ்சல் எதையும் திறப்பதாகத் தெரியவில்லை. அதனால் உன் நண்பரிடம் கெஞ்சி முகவரி வாங்கி, இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

முதலில் வேலை விஷயம். நாங்கள் பராமரிக்கும் மென்பொருள் தொகுப்பில் உள்ள நிரல்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். எதற்கும் ஒரே ஒரு பதிப்புக்குத்தான் இடம். தேதிகளைக் கணக்கிடும் அடிப்படை நிரலுக்குப் புதிய பதிப்பு வந்துவிட்டது. பழையதில் பாதுகாப்பு ஓட்டை. அதை நம்பியிருந்த எல்லாரும் தங்கள் நிரல்களை மாற்றிவிட்டார்கள், கடைகளுக்கு ரசீது போடும் உன் நிரலைத் தவிர. அது ஒன்றுக்காக மற்றவை எல்லாம் காத்துக் கிடக்கின்றன. உனக்கு அனுப்பிய அறிவிப்புகள் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டன. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால் அதை நீக்க வேண்டும்.

அது என் அண்ணனுடையது என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். நல்ல மனிதர்கள். "அவருக்கு என்ன கஷ்டமோ, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார் எங்கள் பொறுப்பாளர். நான் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். இந்த வாய் சும்மா இருக்குமா? போன மாதம் ஒருவர், குழந்தை பிறந்திருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டபோது முடியாது என்றோமே, ஊருக்கு ஒரு நியாயம், என் வீட்டுக்கு ஒரு நியாயமா என்று கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை உறுதியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன்.

திருத்த வேண்டியது நாலு வரி. எப்படி என்று எனக்கே தெரியும், ஆனால் உன் நிரலில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. நீ உன் கம்பெனியை மூடிய பிறகு உன் பெயர் சொல்ல மிஞ்சியது அது ஒன்றுதான் என்பதும் தெரியும். அதைத்தான் எடுக்கப்போகிறேன். என்னைத் திட்ட வேண்டுமென்றால் போன் செய்து திட்டு.

அம்மா ஈரக்கையோடு போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். யாராவது உன்னைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே "அவனுக்கு ஏகப்பட்ட வேலை" என்று முந்திக்கொள்கிறாள். அப்பா ஆள் கூட்டிவந்து உன் அறை மின்விசிறியைச் சரிசெய்து வைத்திருக்கிறார். கம்பெனியை மூடியவர்கள் எல்லாரும் ஊரைவிட்டு ஓடினால் ரயிலில் நிற்கக்கூட இடம் இருக்காது, அண்ணா.

நீக்கிய நிரலைத் திருத்தி அனுப்பினால் எப்போது வேண்டுமானாலும் திரும்பச் சேர்த்துக்கொள்வோம். அது எல்லாருக்கும் உள்ள விதி. நம் வீட்டுக்கு அந்த விதியும் கிடையாது. கெடு இல்லை. நீ எதையும் திருத்திக்கொண்டு வர வேண்டாம். இருக்கிறபடியே வா.

உன் பதிலுக்கு ஏங்கும்
தங்கை