வெள்ளிக்கிழமை லோட்

14-5-2007, திங்கள்

கத்திரி வெயில். ஆம்பூரே அடுப்பு மேல். டேனரியில் சாய டிரம்மில் மறுபடியும் திட்டுத் திட்டாகத் தோல். முப்பது வருடமாக என் கை பட்ட தோலில் ஒரு திட்டு கிடையாது. இத்தாலிக்காரர் ஒருவர் என் கையைப் பார்க்கவே வந்தார். (தோல் வாங்கவும்.)

அக்கா மகள் எஸ்தர், வேலூர் காலேஜில் கம்ப்யூட்டர் டீச்சர். அவளும் நாலு தேசத்து சிநேகிதர்களும் சேர்ந்து எழுதும் இலவச புரோகிராம். எதற்கு எவ்வளவு வாய்ப்பு, எதனால் எது என்று கணக்குப் போடும். யாரும் எடுக்கலாம், திருத்தலாம். யோசனை என்னுடையது என்று முதலாளி பாயிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

லோட் நம்பர் (டிரம்மில் ஒரு தடவை போடும் தோல் ஒரு லோட்), ஆள், திட்டு, எல்லாம் நான்தான் எழுதிக் கொடுத்தேன். இன்று பதில். கெட்ட லோட் எல்லாம் கூலியாள் முனுசாமி டிரம்மில் நின்றவை. சனிக்கிழமையோடு அவனை அனுப்பிவிடச் சொல்லிவிட்டார் பாய்.

முனுசாமி கேட்டான், "கம்ப்யூட்டர் என்னை எங்க பாத்துச்சு மேஸ்திரி?"

எஸ்தரையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

16, புதன்

வேலூர் பஸ். கண்டக்டர் தன் சீட்டையே கொடுத்தார்.

எஸ்தர் புரோகிராமின் அடுத்த வருட வேலைக்குத் திட்டம் எழுதிக்கொண்டிருந்தாள். முதலில் வேகம். அப்புறம் கணக்கைப் படமாகக் காட்டுவது. கடைசியில், 'ஒன்றை நாமே மாற்றினால் என்ன ஆகும்' என்று சொல்லும் பகுதி. அதை முதலில் போடு, சனிக்குள் முடி என்று கெஞ்சினேன்.

"வருஷக் கணக்குல வேலை மாமா. இப்ப இருக்கறது, ரெண்டும் சேந்து வருதுன்னு மட்டும்தான் சொல்லும். அவராலதான்னு நான் சொன்னேனா?"

சொன்னது நான். பாயிடம். மேசையைத் தட்டி.

முனுசாமி எப்போது டிரம்மில் நிற்பான் என்று கேட்டாள். வெள்ளி மட்டும், மற்றவர்கள் ஜும்மாவுக்குப் போவதால். பள்ளிவாசல் பக்கத்துச் சுவர்தான், சத்தம் போகாமல் இருக்கத் தொழுகை முடியும்வரை டிரம்மை நிறுத்தி வைப்போம். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதை ஏன் எழுதித் தரல?"

இதை எவன் எழுதுவான்? ஆம்பூரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்.

புரோகிராமுக்குக் காத்திருக்க வேண்டாம், இந்த வெள்ளி வேறு ஆளை நிறுத்துங்கள், அப்போதும் திட்டு வந்தால் காரணம் ஆள் இல்லை, டிரம் நிற்பதுதான் என்றாள்.

17, வியாழன்

வேறு ஆள் நான் என்றேன். பாய் சிரித்தார். "உன் கையில கெடாதுன்னு நீதான சொல்வே?"

நாளை தோல் நன்றாக வந்தால் முனுசாமி போனான். என் வாயால் போனான். ஆண்டவரே, கெடட்டும். இப்படி ஒரு ஜெபம் உலகத்தில் எவனும் செய்திருக்க மாட்டான்.

18, வெள்ளி

டிரம்மில் நான். வேண்டுமென்றே கெடுப்பேன் என்று கணக்கு எழுதும் ரைட்டரைக் காவல் வைத்தார் பாய். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு. டிரம் நின்றது. முனுசாமி டீ கொண்டு வந்தான். இரண்டு பேரும் குடிக்கவில்லை.

19, சனி

திறந்தோம். பாய் ஒரு தோலை வெளிச்சத்தில் பிடித்தார். திட்டு. அடுத்தது, திட்டு. முனுசாமி லோடைவிட ஜாஸ்தி. இந்தப் பாலாற்றுக் கரையில் இப்படிக் கெடுக்க வேறொருவன் பிறக்கவில்லை.

டிரம் நின்றால் சாயம் ஒரு பக்கமாகத் தேங்கிவிடுகிறது, இனி வெள்ளி லோட் தொழுகைக்குப் பிறகு. முனுசாமியை அனுப்பினார் பாய், வீட்டுக்கு அல்ல, டிரம் கழுவ. எஸ்தருக்கு போன். திட்டத்தில் கடைசிப் பகுதியை முதலுக்கு ஏற்றிவிட்டாளாம், உதாரணத்துக்கு நம் வெள்ளிக்கிழமை.

"முதல் தடவையா மேஸ்திரி?" என்றார் பாய், தோலைத் தூக்கிக் காட்டி.

முதல் தடவைதான் என்றேன். முனுசாமி சிரிப்பை மறைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.