எல்லோருக்கும் சித்தப்பா நம்பர்

ஓவேலி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

சுஜாதா எழுதுகிறேன். மகள் வர்ஷா நன்றாக இருக்கிறாள். நீங்களும் திருப்பூரில் சுகமாகத்தான் இருப்பீர்கள். டவுனுக்குப் போய்க் கூப்பிட்டாலும் போனை எடுக்காத புருஷனைக் காகிதத்தில்தானே திட்ட முடியும்? கிழித்துப் போடாமல் முழுசாகப் படியுங்கள்.

ஆடி மாதம் நம் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு அரசாங்க ஆட்கள் ஹெல்த் கார்டு போட வந்தார்கள். இனிமேல் சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டாக்டர் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்வார் என்றார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஆனால் ஓடிபி வர இங்கே டவர் ஏது? சிக்னல் நிற்பது சூப்பர்வைசர் போனில் மட்டும்தான். சூப்பர்வைசர் வேறு யாருமில்லையே, உங்கள் சொந்தச் சித்தப்பா செல்லதுரைதானே என்று பொம்பளைகள் எல்லோரும் அவர் நம்பரையே கொடுத்தோம். கார்டு போட்ட பெண்ணுக்கு அன்றைய கணக்கை முடிக்கிற அவசரம். இந்த நம்பருக்குப் பிறகு என்னென்ன வரும் என்று ஒரு வார்த்தை சொன்னாளா?

இருமல் விடாததால் போன மாதம் ஆஸ்பத்திரியில் சளி கொடுத்தேன். டிபி என்ற சேதி எனக்கு வரவில்லை, சித்தப்பா போனுக்குப் போயிருக்கிறது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன். தேயிலை நிறுக்கிற இடத்தில், அத்தனை பேர் முன்னால், டிபிக்காரிக்கு இங்கே வேலை இல்லை, நாளையிலிருந்து மலைக்கு வராதே என்று கத்தினார். பக்கத்து வீட்டு ராக்கம்மா அக்கா என் கூடையைக் காலால் தள்ளிவிட்டாள். நம் லைன் காளியம்மாள் முழுகாமல் இருப்பதும் அவள் புருஷனுக்கு முன்னால் சித்தப்பாவுக்குத்தான் போனில் தெரிந்ததாம். அட கருமமே! என் உடம்பு யாருடையது, என்னுடையதா, அவருடையதா?

நர்ஸ் பிரிஸில்லா வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்தார். ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகிவிடும், சில வாரத்தில் மற்றவர்களுக்குப் பரவுவதும் நின்றுவிடும், வேலைக்குப் போகலாம் என்றார். கார்டில் நம்பரை மாற்றச் சொன்னேன். மாற்றலாம், ஆனால் பழைய நம்பருக்கு வருகிற ஓடிபி வேண்டும் என்றார். சித்தப்பாவிடம் போய்க் கேட்டால், உன் புருஷனுக்கே சொல்லியாச்சு, இனி யாருகிட்ட மறைக்கப் போறே என்று சிரிக்கிறார்.

அப்போதுதான் புரிந்தது, நீங்கள் ஏன் போனை எடுப்பதில்லை என்று. தெரிந்துகொண்டே இருந்தீர்களா? பயப்படாதே சுஜா என்று சொல்ல வாய் வரவில்லையா? த்தூ!

சித்தப்பாவை இன்றே கூப்பிட்டு அந்த ஓடிபியைக் கொடுக்கச் சொல்லுங்கள், என்னைத் திரும்ப வேலைக்குச் சேர்க்கவும் சொல்லுங்கள். உங்கள் பேச்சை அவர் தட்டமாட்டார். வேலை இல்லாமல் நானும் பிள்ளையும் எதைத் தின்பது?

இன்னொன்று. வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்யச் சொன்னார் நர்ஸ். வர்ஷாவுக்குப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. சித்திரையில் லீவுக்கு வந்தபோது விடிய விடிய இருமியது நீங்கள். எனக்கு வந்தது அதற்குப் பிறகுதான். லைனில் ஒருவரிடமும் நான் இதைச் சொல்லவில்லை, சித்தப்பாவிடமும் சொல்ல மாட்டேன். நாளைக்கே போய்ச் சளி கொடுங்கள். நம்பர் கேட்டால் உங்கள் நம்பரையே கொடுங்கள். மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு நன்றாக இருங்கள், என் பிள்ளைக்கு அப்பா வேண்டும்.

கோபம் தீராத உங்கள்
சுஜாதா